கச்சேரி கடற்கரைக்குப் போன காலம்

முத்துச்சிப்பி விளைந்த வருஷங்களில், வாடைக்காற்று தணிந்து கடல் தெளியத் தொடங்கும் மாசி மாதத்தில், மன்னார்க் கச்சேரியின், அதாவது அரசாங்க நிர்வாகக் கந்தோரின், ஒரு பகுதி கிளம்பி மறிச்சுக்கட்டிக்குப் போய்விடும். மன்னார் நகரத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய அறுபது கிலோமீற்றர். மாட்டு வண்டியிலும் வள்ளத்திலும் பேரேடு, மைக்கூடு, பணப்பெட்டி, முத்திரை எல்லாம் பயணப்படும். யாழ்ப்பாணத்திலிருந்து வட மாகாண அரசாங்க அதிபரே வந்து இறங்குவார். அவர் பின்னால் நீதவான், பொலிஸ், வைத்தியர், தபால் கந்தோர்க்காரர், சிறைக்காவலர். சிறு காடும் மணலுமாய்க் கிடந்த கரையில் கிடுகாலும் காட்டுத்தடியாலும் ஒரு நகரம் எழும்பும். இருபது முப்பதாயிரம் பேர் அங்கே கூடுவார்கள். சித்திரையில் சோளகம் தலைகாட்டிக் கடல் கலங்கும்போது அத்தனை பேரும் கலைவார்கள். கச்சேரியும் மன்னாருக்குத் திரும்பிவிடும்.

நான் மன்னார் மாவட்டத்து அரசாங்கக் கந்தோர்களில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுதுவினைஞராக இருந்து 2022 முடிவில் ஓய்வு பெற்றவள். ஊர் தாழ்வுபாடு. அப்பா கரைவலைத் தொழிலாளி. 2020 பங்குனியில் கொரோனா வந்தது. அந்த மாதம் 20ஆம் திகதியிலிருந்து 27 வரை வீட்டிலிருந்து வேலை செய்யும் வாரம் என்று அரசாங்கம் அறிவித்தது. உலகத்திலேயே முதல்தடவையாக இப்படி ஒன்று நடக்கிறது என்ற தொனியில்தான் எல்லாரும் அதைப் பேசினார்கள். வேலை கட்டடத்தை விட்டு வெளியே போவதும், போன வேலை திரும்பி வருவதும் எங்கள் கரைக்குப் புதிதல்ல. அந்த ஊரடங்கு நாட்களில்தான் பழைய முத்துக்குளிப்பு அறிக்கைகளையும் நூல்களையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கச்சேரி இடம் மாறியபோது யாருக்கு அது இலேசாக இருந்தது, யாருக்குப் பாரமாக இருந்தது என்பதைத்தான் அவற்றில் தேடினேன்.

முத்துக் கதை மிகப் பழையது. எங்கள் மாந்தைத் துறைக்கு வந்துபோன அந்நியக் கப்பல்கள் முத்தைக் கொண்டுபோன காலம் முதல் சொல்லத் தொடங்கினால் முடியாது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இருவருக்குமே இந்தக் கடலின் அடித்தரை ஒரு கருவூலம். 1796க்குப் பின் ஆங்கிலேயர் வந்தார்கள். முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை நேரில் பார்ப்பதற்காகவே அரிப்பில் கடலோரமாக ஒரு மாளிகை கட்டினார். 1801 முதல் 1804 வரை வேலை நடந்தது. டொரிக் என்று ஆங்கிலத்தில் பெயர். எங்கள் சனம் அல்லிராணிக் கோட்டை என்கிறது. தேசாதிபதி ஒருவர் தன் கந்தோரைக் கொழும்பிலிருந்து தூக்கிவந்து செம்மண் மேட்டின் நுனியில் வைத்தார் என்றால், அந்தக் காலத்து வருமானத்தில் முத்தின் இடம் எதுவென்று விளங்கும்.

முகாம் முதலில் அரிப்பு, சிலாவத்துறைப் பக்கமாக இருந்தது. பிறகு தெற்கே மறிச்சுக்கட்டிக்கு நகர்ந்தது. சேவல்பார், மோதரகம்பார், பெரியபார், முத்துவராத்துப்பார் என்று சிப்பி படியும் திட்டுகள் கடலில் பல மைல் தள்ளி இருக்கின்றன. முத்துப் பார்களின் பரிசோதகர் முன்கூட்டியே போய் மாதிரிச் சிப்பி எடுத்து, உடைத்து, அகப்பட்ட முத்தை மதிப்பிடுவார். விளைச்சல் உண்டென்று தெரிந்தால் வர்த்தமானியில் அறிவித்தல் வரும்: இன்ன பார், இத்தனை படகு, இன்ன திகதி. செய்தி கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் பம்பாய்க்கும் பாரசீக வளைகுடாவுக்கும் போகும். சிப்பியோ சொன்னபடி விளையாது. 1837க்குப் பிறகு 1855 வரை குளிப்பே இல்லை. 1891க்குப் பிறகு 1903 வரை மறுபடியும் இல்லை. இப்படிப் பன்னிரண்டு வருஷம், பதினெட்டு வருஷம் இடைவெளி விழுந்தால் கச்சேரியில் வேலை தெரிந்த தலைமுறையே மாறியிருக்கும். புதிதாக வந்த இலிகிதருக்கு முந்திய முகாம் வெறும் கோப்பு. அனுபவம் கரையில்தான் இருந்தது: பார்களின் தலைமைக்காரரான அடப்பனார் குடும்பங்களில், சுழியோடிகளில், படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிகளில்.

அதனால்தான் சுழியோடியிடமிருந்து தொடங்குகிறேன். தொழிலைத் தன் உடம்பிலேயே சுமந்துவந்தவர் அவர். கீழக்கரை, தொண்டி, தூத்துக்குடி, இராமேஸ்வரம், யாழ்ப்பாணம், எங்கள் எருக்கலம்பிட்டி, இவற்றோடு அரபு நாட்டார். மறிச்சுக்கட்டியில் கால் வைத்த அடுத்த நாளே அவரால் வேலை செய்ய முடியும். கல், கயிறு, சிப்பி அள்ளும் வலைக்கூடை; இவ்வளவுதான் சாமான். தமிழ்ச் சுழியோடி கல் கட்டிய கயிற்றைக் கால்விரலால் கவ்விக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்தி இறங்குவார். அரபுக்காரர் கொம்பால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வார். அடித்தரையைத் தொட்டதும் கல்லை விடுவார். மேலே நிற்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிஷத்துக்குள், சில வேளை சற்றே கூட, கைக்கெட்டியதை வாரிக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைப்பார். இதைக் காலை முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எந்தக் கரை, எந்தக் கச்சேரி என்பது அவருக்குப் பொருட்டில்லை. கூலியும் காசாக இல்லை, சிப்பியாகத்தான். விளைச்சல் சரியில்லை என்று கண்டால் படகைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். முகாமில் அதிகாரிகளுக்கு இருந்த பெரிய கவலைகளில் அது ஒன்று.

படகில் நின்று கயிறு பிடிப்பவரை அறிக்கைகள் சுழியோடியின் நிழலாகவே சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஒவ்வொரு சுழியோடிக்கும் ஒருவர் உண்டு. தண்ணீருக்குள் போனவர் கயிற்றை அசைத்த அந்தக் கணத்தில் இழுக்க வேண்டும். கண் அசந்தால் ஓர் உயிர் போகும். சுழியோடி பெற்ற பங்கில் மூன்றில் ஒன்றுதான் இவருக்கு. நான் கண்ட பெரும்பாலான கந்தோர்களில் இந்தக் கயிறு பிடிப்பவர் ஒருவர் இருந்தார். கையெழுத்துப் போடுபவர் பேர் பலகையில் இருக்கும். கோப்பு எந்த அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறதென்று தெரிந்தவர் பேர் எங்கும் இராது.

பகலும் இரவும் தலைகீழாகும் இடம் அந்த முகாம். இரவு பத்து மணியளவில் பீரங்கி வெடிக்கும். கரைக்காற்றில் பாய் விரித்துப் படகுகள் புறப்படும். விடியும்போது பாரில் நிற்கும். சூரியன் எழும்பக் குளிப்புத் தொடங்கி நண்பகலளவில் கடற்காற்று திரும்பும்வரை நடக்கும். அதே காற்றில் படகுகள் கரைக்கு வரும். இது காற்று ஒழுங்காக வீசும் நாளின் கணக்கு. காற்று விழுந்துவிட்டால் படகுகள் எப்போது வருமென்று யாராலும் சொல்ல முடியாது. மாலை வரலாம், நடுச்சாமத்திலும் வரலாம்.

இந்த இடத்தில்தான் கச்சேரி உத்தியோகத்தர் திண்டாடினார். நகரத்தில் அவர் நாளை மணிக்கூடு நடத்தியது. முகாமில் காற்று நடத்தியது. படகு எத்தனை மணிக்கு வந்தாலும் சிப்பியைக் கொட்டுக்குள் இறக்கி எண்ணி முடிக்கும்வரை அவர் அசைய முடியாது. கொட்டு என்பது தடியும் கிடுகும் வைத்துக் கடலை நோக்கிக் கட்டிய பெரிய அடைப்பு. உள்ளே தடுப்புத் தடுப்பாக இருக்கும். ஒவ்வொரு படகின் சுழியோடிகளும் தங்கள் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து வைப்பார்கள். எந்த இரண்டு அரசாங்கத்துக்கு என்று கொட்டு உத்தியோகத்தர் அந்த நேரத்தில்தான் கைகாட்டுவார். எதை அவர் எடுப்பார் என்று தெரியாததால் மூன்றையும் சமமாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. இந்த ஒழுங்கை வகுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் கண்ட எந்தக் கணக்காய்வு விதியையும்விட இது சீரானது. மீதிக் குவியலோடு சுழியோடிகள் மறுவாசலால் வெளியே போவார்கள். வெளியே சின்ன வியாபாரிகள் காத்து நிற்பார்கள். இரண்டு சிப்பி, மூன்று சிப்பி என்று சில்லறையாகக்கூட விலை போகும்.

1906இல் இந்தக் கொட்டில் நின்றவர்களில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். வேர்ஜீனியா வுல்ஃபைப் பிற்பாடு மணந்தவர், ‘காட்டில் ஒரு கிராமம்’ நாவலை 1913இல் வெளியிட்டவர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து அனுப்பப்பட்டிருந்தார். பல்லாயிரம் பேர் நெருக்கும் இடத்தில் நாலைந்து வெள்ளை அதிகாரிகள், இரவு பகல் தெரியாத எண்ணிக்கை வேலை, அழுகும் சிப்பியின் நாற்றம், ஈக்கூட்டம். தன் சுயசரிதையில் அவர் அதை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஒரு கதையும் அந்த முகாமை வைத்து எழுதினார். அவற்றை மதித்துத்தான் படித்தேன். ஆனாலும் அவரோடு அதே கொட்டில் அதே இராந்தல் வெளிச்சத்தில் நின்று கணக்கு எழுதிய தமிழ் இலிகிதர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு பக்கம் எழுதி வைக்கவில்லை, அல்லது எழுதியது தப்பவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் நெஞ்சில் நிற்கிறது. வுல்ஃபுக்கு அது இளமைக்காலத்து ஒரு துணிகரம். அவர்களுக்கோ வீட்டில் மனைவி பிள்ளைகளை விட்டுவந்து, வாந்திபேதி பயத்தோடு கழித்த உத்தியோகக் காலம்.

வாந்திபேதி பயம் வீண்பயம் அல்ல. இத்தனை பேர் கூடும் மணலில் நல்ல தண்ணீர் கிடைப்பது கடினம். வைத்தியருக்கு இருந்த முதல் வேலை நோயாளியைப் பார்ப்பதைவிடத் தண்ணீரைக் காவல் காப்பது. தண்ணீர் சுமந்தவர்களும் முகாமைத் துப்புரவு செய்தவர்களும் இல்லாவிட்டால் அந்த நகரம் ஒரு கிழமை தாங்கியிராது. சிப்பியின் எண்ணிக்கையைக் கடைசி இலக்கம்வரை சொல்லும் அறிக்கைகளில் அவர்களைத் தேடினேன். வரிக்கு வரி தேடியும் கிடைத்தது மிகக் கொஞ்சம்.

இரவானதும் அரசாங்க அதிபர் ஏலம் நடத்துவார். அரசாங்கத்தின் பங்கு, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று கூறப்படும். நாட்டுக்கோட்டைச் செட்டிமார், கீழக்கரை மரைக்காயர்மார், பம்பாய் வணிகர் எல்லாரும் அங்கே. மூடிய சிப்பிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது; முதல் நாள் வாங்கிய சிப்பி தந்த அனுபவத்தை வைத்து ஊகித்துக் கேட்பார்கள். வாங்கிய சிப்பியை அழுகவிட்டு, வள்ளத்தில் நீர் ஊற்றிப் பிசைந்து கழுவி, அடியில் நிற்கும் மண்டியில் முத்துத் தேடுவார்கள். பிறகு வரும் வேலையை இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். பித்தளையில் செய்த சிறு கிண்ணங்கள், அடியில் ஓட்டை போட்டவை. பெட்டி என்பார்கள். முதலாவதில் 20 ஓட்டை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. கிண்ணம் ஒரே அளவு. ஓட்டை கூடக்கூட ஒவ்வொன்றும் சிறுக்கும். 20ஆம் பெட்டியில் தங்கியது பெருமுத்து. 1000இலும் தங்காமல் விழுந்தது தூள். பருமன் பிரித்தபின் உருண்டையும் ஒளியும் பார்த்து ஆணி முதல் குறுவல்வரை தரம் பிரித்து, மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். வணிகருக்கு முகாம் அந்நிய இடமாகவே இருக்கவில்லை. அவர் கடை அந்தப் பத்துக் கிண்ணமும் ஒரு சின்னத் தராசும்தான். விரித்த துணியில் எங்கே உட்கார்ந்தாலும் அது கடை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவே இவர்களைக் குறிப்பிடுகிறார்: மீனை மயக்குவோருக்குக் குளித்தெடுத்ததில் இருபதில் ஒரு பங்கு, அவர்கள் போட்ட கட்டு அன்றைய பகலுக்கு மட்டும் செல்லும், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். 1804இல் முத்துக்குளிப்பைப் பார்த்த பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் எழுதியதைப் பார்த்தால், படகுகள் திரும்பும்வரை கடல்கட்டி கரையில் நின்று ஓதிக்கொண்டே இருந்தார். கடலில் நடக்கும் வேலைக்குக் கரையிலிருந்து வேலை செய்தவர் அவர். அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எமர்சன் டெனன்ட் இலங்கையைப் பற்றி எழுதும்போது அந்த வேலையில் இருந்தவர் கத்தோலிக்கர். வேலை அப்படியே தொடர்ந்தது. ஆங்கில அதிகாரிகள் அவரை நம்பவில்லை. ஆனால் அவர் இல்லையென்றால் சுழியோடி இறங்க மாட்டார் என்பதை அறிந்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கும் சம்பளம் உண்டு என்று காலனி அரசு ஒப்புக்கொண்ட இடம் இது. என்னைப் பொறுத்தவரை முகாமிலேயே மிகச் சரியாக எடுக்கப்பட்ட முடிவு அதுதான். ஆயிரக்கணக்கானோர் பயமில்லாமல் மூச்சடக்கித் தண்ணீரில் இறங்க யாரோ ஒருவர் கரையில் பட்டினி கிடந்து நிற்கிறார் என்றால், அவர் செய்வது வேலை.

1903இலிருந்து சிப்பி மறுபடி கொட்டியது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்கு வந்தது ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். அந்தப் பெருக்கைக் கண்டு இலண்டனில் ஒரு கம்பனி திரண்டது: சிலோன் கம்பனி ஒவ் பேர்ள் ஃபிஷர்ஸ். 1906 முதல் இருபது வருஷக் குத்தகை, வருஷம் 3,10,000 ரூபாய். பேராசிரியர் ஹெர்ட்மன் தலைமையில் ஐந்து பாகமாக வந்த அறிவியல் அறிக்கையும் கையில் இருந்தது. 1907க்குப் பிறகு பார்களில் சிப்பி இல்லை. 1912இல் கம்பனி மூடப்பட்டது. பங்குதாரர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அது ஒரு நட்டக்கணக்கு. அவ்வளவு தூரத்திலிருந்து கடலை ஆண்டவர்களுக்கும், வருஷாவருஷம் நவம்பரில் வானத்தைப் பார்த்து ‘இந்த முறை வருமா’ என்று காத்திருந்த எருக்கலம்பிட்டி வீடுகளுக்கும் நடந்தது ஒன்றல்ல. எருக்கலம்பிட்டியார் சங்கு குளிக்கத் திரும்பினார்கள். கடல் அவர்களோடு இருந்தது. 1925இல் மறுபடி ஒரு பெரிய குளிப்பு நடந்தது. பழைய மாதிரி முகாம் கட்டி நடந்த பெருங்குளிப்பு அதுவே கடைசி. அதன் பிறகு மன்னார்க் கச்சேரி முத்துக்காக இடம் மாறவில்லை.

அடுத்த இடமாற்றம் வேறு விதமாக வந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். மறிச்சுக்கட்டி இருக்கும் முசலிப் பக்கத்தவரும் போனார்கள், மறிச்சுக்கட்டியும் வெறிச்சோடியது. என் கந்தோரில் பக்கத்து மேசை வெறுமையானது. அந்த நாட்களில் நாங்கள், தமிழ் உத்தியோகத்தர், எங்களுக்குள்கூட அதைச் சத்தமாகப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

இடம்பெயர்ந்தவர்களுக்குள்ளும் ஒரே மாதிரி நடக்கவில்லை. மாதச் சம்பள உத்தியோகத்தரைப் புத்தளத்துப் பக்கக் கந்தோர்களோடு இணைத்தார்கள். சம்பளம் அவர்களைத் தேடிப் போனது. ஆசிரியர்கள் கிடுகுக் கொட்டிலிலும், ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிற்பகல் நேரத்திலும் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். வகுப்பறை போனாலும் ஆசிரியர் ஆசிரியராகவே இருந்தார். கடற்றொழிலாளியும் விவசாயியும் கடைக்காரரும் அப்படியில்லை. மன்னார்க் கடலின் நீரோட்டமும் பாரும் தெரிந்த மனுஷன் கற்பிட்டியில் இன்னொருவர் கரையில் நிற்கும் கூலியாள். முத்துக்குளிப்புக் காலத்தில் இடமாற்றத்தை இலேசாகத் தாங்கியவர் உடம்பில் தொழிலைச் சுமந்தவர். 1990இல் அவர்தான் முதலில் விழுந்தார். முகாமுக்கு அவர் தானாக வந்தார், தானாகப் போனார். படகு அவருடையது அல்லது அவர் சம்மாட்டியுடையது. இங்கே படகையும் விட்டுத்தான் போனார். தாங்கும் சக்தி மனுஷனில் இருக்கிறது என்று சொல்வது எளிது. அவன் கையில் எதை விட்டுவைத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்தார்கள். இருபது வருஷத்தில் முசலியில் காடு வளர்ந்திருந்தது. குடியிருந்த காணி எது, வனம் எது என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. சிலாவத்துறையிலும் முள்ளிக்குளத்திலும் கடற்படை இருந்தது. முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் 2007இல் ஊரை விட்டவர்கள், காணி கேட்டுப் போராட வேண்டியிருந்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மன்னார் தாய் தகப்பன் சொன்ன ஊர். பல குடும்பங்களில் தகப்பன் இங்கே காணி பார்க்கவும் கடலுக்குப் போகவும் வந்தார். மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காக அங்கேயே இருந்தார்கள். ‘மீள்குடியேறியோர்’ என்ற நிரலில் நான் பெயர் எழுதினேன். அந்த நிரலில் ஒரு பெட்டியில்தான் அடையாளம் போடலாம். பாதி திரும்பியவருக்கு அங்கே பெட்டி இருக்கவில்லை.

இனி 2020. நாங்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, எங்கள் கோப்பில் பெரும்பகுதி அலுமாரியில் தாளாக இருந்தது. வீட்டிலிருந்து செய்யக் கூடியது தொலைபேசியில் பதில் சொல்வது மட்டும். உண்மையில் வேலை செய்தவர்கள் வெளியே போனவர்கள்: கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல மாது. அந்தச் சித்திரையில் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுப்பனவு வந்தபோது வாசல் வாசலாகப் போய்க் கொடுத்தது அவர்கள். எங்கள் அலுவலக உதவியாளர், அறை அறையாகக் கோப்புக் கொண்டுபோகும் மனுஷன், எனக்குத் தொலைபேசி எடுத்து, “மிஸ், நான் வீட்ட இருந்து எதைத் தூக்கிறது?” என்று கேட்டார். அவருக்குச் சம்பளம் வந்தது. நாட்கூலியில் தோட்டம் கூட்டியவருக்கு வரவில்லை.

2022இல் மறுபடி. பெற்றோல் வரிசையின் காலம். ஆனி மாதத்தில் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்றார்கள், வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். பிறகு அத்தியாவசியமானவர் தவிர மற்றவர்கள் வீட்டிலிருந்து வேலை என்று சுற்றறிக்கை வந்தது. இந்த முறை எங்களுக்குப் பழக்கம் இருந்தது. இளம் உத்தியோகத்தர்கள் வாட்ஸ்அப்பில் கடிதத்தின் படத்தை அனுப்பி, பதிலை வாங்கி, வேலையை முடித்தார்கள். சிலர் முந்தியைவிட விரைவாகவே முடித்தார்கள். என் வயதுக்காரர் சிலர் சைக்கிளில் கந்தோருக்கு வந்து பூட்டிய அறைக்கு வெளியே வாங்கில் இருந்தார்கள். வீட்டில் இருந்தால் தாங்கள் உத்தியோகத்தர் என்பதே மறந்துபோகும் என்று ஒருவர் சொன்னார். அவரை நான் மனதாரப் புரிந்துகொண்டேன். பெண்களின் பாடு வேறு. காஸ் இல்லை; விறகடுப்பு. அரிசி கொதிக்கும்போது மேலதிகாரி தொலைபேசி எடுப்பார். கந்தோரில் எட்டு மணித்தியாலம் எனக்கென்று ஒரு மேசை இருந்தது. வீட்டில் ஒரு மூலைகூட என்னுடையதாக இருக்கவில்லை. கட்டடம் திறந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் பெண்கள்தான் கூட. பெருநிலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர்கள் மட்டும் பெருமூச்சு விட்டார்கள். அவர்களுக்கு வீட்டு வேலை நாளில் மூன்று மணித்தியாலத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருந்தது. பிறகு விரலடையாள இயந்திரம் மறுபடி வாசலில் இயங்கத் தொடங்கியது. எல்லாருக்கும் அதே எட்டரை மணி.

மறிச்சுக்கட்டி முகாமை மூன்று காரியத்துக்காக மதிக்கிறேன். படகு வரும் நேரத்துக்குக் கச்சேரி தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. குவியலைப் பிரிப்பவரும் எடுப்பவரும் வேறு வேறாக இருந்தார்கள். கரையில் நின்றவருக்கும் பங்கு இருந்தது. அதே முகாம் தண்ணீர் சுமந்தவரை எழுதாமல் விட்டது. அந்தப் பிழையை நாங்கள் 2020இலும் செய்தோம்.

அரசாங்க நிர்வாகத்தில் இருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வெள்ளமோ நோயோ எரிபொருள் தட்டுப்பாடோ வந்து, வேலையை இடம் மாற்றச் சுற்றறிக்கை எழுத வேண்டிய நாள் வரும். எழுதுவதற்கு முன் உங்கள் கந்தோரின் நாட்கூலியாளர் நிரலை எடுத்து மேசையில் வையுங்கள். கோப்புத் தூக்குபவரையும், கூட்டுபவரையும், இரவுக் காவலாளியையும் கூப்பிட்டு, கட்டடம் பூட்டியிருந்தால் உங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சுற்றறிக்கையின் முதல் பந்தியாகப் போடுங்கள்.